எட்டாம் மாதத்திலேயே பிள்ளை வந்துவிட்டால்: முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் 31ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1 கிலோ 380 கிராம். ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு நாள் குறித்து, கண்ணாடி வளையல்கூட வாங்கி பீரோவில் வைத்திருந்தோம். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே அவள் வந்துவிட்டாள். 37 நாள் மருத்துவமனையில் இருந்தோம். அந்த 37 நாளில் நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதல் பிரசவம் என்றால் நமக்குச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆனால் குறைமாதப் பிரசவத்தைப் பற்றி மட்டும் "அபசகுனமா பேசாதே" என்று வாயை மூடிவிடுவார்கள். அதனாலேயே விஷயம் வரும்போது நம் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் மிகவும் சிரமம், 28 முதல் 32 வரை கவனமான சிகிச்சை வேண்டும், 32க்கு மேல் என்றால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடும். உலக அளவில் பத்துக் குழந்தையில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். ஆக, இது உங்களுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. பப்பாளி சாப்பிட்டதாலோ, ஸ்கூட்டியில் போனதாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ இது நடப்பதில்லை. இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று, கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்துபோவது, ஏற்கெனவே ஒரு குறைமாதப் பிரசவம் என்று காரணங்கள் உண்டு. நிறையப் பேருக்குக் காரணமே தெரியாமல் போகும். எனக்கு அப்படித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது" என்று பெரியவர்கள் சொல்வது தவறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாதத்தில் வலி வந்த எனக்கு ஆம்புலன்ஸில் இந்த ஒரு வாக்கியம்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

ஏழாம் மாதத்துக்குள் செய்ய வேண்டியது

உங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "எனக்கு முன்கூட்டியே வலி வந்தால் இங்கே குழந்தையைப் பார்க்க என்.ஐ.சி.யூ. இருக்கிறதா, இல்லையென்றால் என்னை எங்கே அனுப்புவீர்கள்?" பிரசவம் பார்க்கிற எல்லா மருத்துவமனையிலும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்காது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இருக்கும், பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இருக்கும். நம் தெரு முனையில் இருக்கும் நர்சிங் ஹோமில் பெரும்பாலும் இருக்காது. குழந்தை பிறந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அம்மா சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவோ பாதுகாப்பானது. தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது என்று ஒரு சிஸ்டர் எனக்குச் சொன்னார், அதை நான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் பிக்மி எண். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற எண் அது. பிறப்புச் சான்றிதழ், மகப்பேறு நிதியுதவி எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். அதையும் உங்கள் ரத்த வகையையும் வீட்டுக்காரர் போனில் குறித்து வையுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, தாய் சேய் நல அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பை ஒன்றை 28ஆவது வாரத்திலேயே கட்டிவிடுங்கள், ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கைந்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டி, ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகம், சார்ஜர், ஒரு நோட்டு, பேனா. புது உடுப்பெல்லாம் வேண்டாம், குறைமாதக் குழந்தைக்கு அவை எதுவுமே அளவாக இருக்காது.

எது சூட்டு வலி, எது இல்லை

நான் ஏமாந்துபோன இடம் இதுதான். ராத்திரி பதினொரு மணிக்கு உடுப்பு நனைந்திருந்தது. சிறுநீர் கட்டுப்படவில்லை போல என்று நினைத்துத் துணியை மாற்றிவிட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு மறுபடி. அத்தையை எழுப்பிச் சொன்னேன், "பிள்ள தல அழுத்துதுத்தா, ஒண்ணுமில்ல, படு" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அவருக்கு மூன்று பிள்ளையும் வீட்டிலேயே பத்து மாதம் முடிந்து பிறந்தவை. காலையில் இடுப்பைப் பிடித்து இழுத்தது. சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி நேரம் போய்விட்டது.

பனிக்குடம் உடைவது சினிமாவில் வருவது போல குடம் கவிழ்ந்த மாதிரி கொட்ட வேண்டும் என்று இல்லை. சொட்டுச் சொட்டாகவும் கசியும். சிறுநீர் நெடி இல்லாமல், தண்ணீர் போல, நாம் அடக்கினாலும் அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் அது பனிக்குட நீராக இருக்கலாம். சுத்தமான உலர்ந்த நாப்கின் வைத்துக்கொண்டு, அதை எடுத்து எறியாமல், அப்படியே மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு உடைந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள், ஏனென்றால் நேரம் ஆக ஆகத் தொற்று ஏறும் ஆபத்து இருக்கிறது.

வலியில், விட்டுவிட்டு ஒரே சீராக வருவதைக் கவனியுங்கள். வயிறு கல்லு மாதிரி இறுகி, தளர்ந்து, பத்து நிமிடத்தில் மறுபடி இறுகினால் கிளம்ப வேண்டியதுதான். அடிமுதுகு வலி, கீழே இறங்குவது போன்ற அழுத்தம், ரத்தக் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, இவையும் அப்படியே. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, மேல் வயிற்றில் வலி என்று வந்தால் ரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும். 140/90 தாண்டினாலே அலட்சியம் செய்யக் கூடாது. போய்ப் பார்த்து "ஒன்றுமில்லை, சூட்டு வலிதான்" என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், நாலு தரம் போய் வந்தாலும் நஷ்டமில்லை. 37 வாரம் முடியும் வரை சூட்டு வலி என்று வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் பரிசோதித்த டாக்டர்.

பிரசவத்துக்கு முந்தைய அந்த இரண்டு நாள்

நான் முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன மருத்துவமனை. படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றி, "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அரை நாளை ஓட்டிவிட்டார்கள். அங்கே குறைமாதக் குழந்தைக்கு வேண்டிய எதுவும் இல்லை என்பதை மத்தியானம்தான் சொன்னார்கள். அப்புறம் 108ஐக் கூப்பிட்டு மதுரைக்கு வந்தோம். அந்த அரை நாளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. அதனால்தான் மேலே அந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

பெரிய மருத்துவமனைக்கு வந்ததும் எனக்குப் போட்ட முதல் ஊசி, குழந்தையின் நுரையீரலுக்கானது. ஸ்டீராய்டு ஊசி என்று கேட்டதும் பயந்துவிடாதீர்கள். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் கொடுப்பது. டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. அது அம்மாவின் ரத்தம் வழியாகப் போய்க் குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கிறது, மூளையில் ரத்தக் கசிவையும் குறைக்கிறது. நான்கும் முடிவதற்கு நேரம் இல்லாவிட்டாலும் ஒரு ஊசிகூடப் பலன் தரும். வேறு ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் ஊசியைப் போட்டு அனுப்ப முடியும். ஆகவே "நுரையீரல் ஊசி போட்டாச்சா, எத்தனை மணிக்கு?" என்று நீங்களோ கூட இருப்பவரோ கேளுங்கள், கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு நான்காவது ஊசி போட்டு மூன்று மணி நேரத்தில் பிள்ளை பிறந்தாள். பனிக்குடம் உடைந்த அன்று ராத்திரியே நான் கிளம்பியிருந்தால் இவ்வளவு நெருக்கடி இருந்திருக்காது.

32 வாரத்துக்குக் குறைவு என்றால் மெக்னீசியம் சல்பேட்டும் ஏற்றுவார்கள், அது குழந்தையின் மூளைப் பாதுகாப்புக்காக. ஏறும்போது உடம்பெல்லாம் தீ மாதிரி காந்தும், முகம் சிவக்கும், கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். தொற்று வராமல் ஆன்டிபயாடிக் தருவார்கள். வலியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட மாத்திரை தருவதும் அந்த நுரையீரல் ஊசி வேலை செய்ய நேரம் வாங்குவதற்குத்தான். முடிந்தால் குழந்தை டாக்டரைப் பிரசவத்துக்கு முன்னாலேயே வந்து ஐந்து நிமிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் வருவார்கள். எங்கள் டாக்டர் வந்து, பிறந்ததும் குழந்தையை என் கையில் தரமாட்டோம், நேராக உள்ளே கொண்டுபோவோம், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால்தான் அந்த நிமிடத்தை என்னால் தாங்க முடிந்தது.

பிறந்ததும் 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தைகளைச் சூடு போகாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் சுற்றுவார்கள். பார்ப்பதற்குத் திக்கென்று இருக்கும், ஆனால் அது தேவையானது. அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி மெல்லியதாக இருக்கலாம். நான் அன்று பார்த்தது ஒரு பாதம் மட்டும்தான், என் கட்டைவிரல் நீளம் இருந்தது.

பால்: உங்களால் மட்டுமே செய்ய முடிந்த வைத்தியம்

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் குழந்தை என்.ஐ.சி.யூ.வில் இருக்கும்போது அம்மா வெளியே உட்கார்ந்து அழுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் முதல் நாள் முழுக்க அப்படித்தான் இருந்தேன். மறுநாள் காலை ஒரு சிஸ்டர் வந்து, "உங்க பாப்பாவுக்கு மருந்து வேணும், கொடுங்க" என்று ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டினார். எனக்குப் புரியவில்லை. சீம்பாலைத்தான் கேட்டார்.

குறைமாதக் குழந்தையின் குடல் மிகவும் மென்மையானது. குடல் அழுகிப்போகிற ஒரு நோய் இந்தக் குழந்தைகளுக்கு வரலாம், அதைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு இணையாக ஒன்றும் இல்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் பால் பீச்ச ஆரம்பித்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் மெஷின் வேண்டாம், கையால் பீச்சுவதுதான் நன்றாக வரும். கை கழுவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மார்பை மெதுவாக நீவிவிட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி அப்புறம் இரண்டு விரலையும் ஒன்றாக அமுக்க வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. எனக்கு முதல் தடவை வந்தது ஏழு சொட்டு. வெட்கமாக இருந்தது. அந்த ஏழு சொட்டையும் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய் என் மகளின் வாய்க்குள் கன்னத்தில் தடவினார்கள். ஏழு சொட்டும் பால்தான், கீழே கொட்டிவிடாதீர்கள்.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது பீச்ச வேண்டும். இரண்டரை மணி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ராத்திரியில் ஒன்றிரண்டு தடவை கட்டாயம், ராத்திரியில்தான் பால் சுரக்கும் ஹார்மோன் அதிகமாக இருக்கும். பூண்டு, பால்சுறாப் புட்டு, கருவாட்டுக் குழம்பு என்று வீட்டிலிருந்து வரும், சாப்பிடுங்கள், நன்றாகச் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் பால் ஊறுவது எடுக்க எடுக்கத்தான், கிணறு மாதிரி. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, காயைக் குறைத்து, அரைவயிற்றோடு வைப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பீச்சிய பாலில் பெயர், தேதி, மணி எழுதி ஒட்டிக் கொடுங்கள். வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், ஃபிரிட்ஜில் எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் வார்டில் சொல்வார்கள், அவர்கள் சொல்கிற கணக்கையே பின்பற்றுங்கள்.

எவ்வளவு முயன்றும் பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கியைப் பற்றிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2014இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இருப்பது பலருக்குத் தெரியும். மற்ற தாய்மார்கள் கொடுத்த பாலைப் பரிசோதித்து, சூடாக்கிப் பதப்படுத்தித் தருகிறார்கள். "அடுத்தவங்க பாலா" என்று வீட்டில் முகம் சுளித்தால் காதில் வாங்காதீர்கள். எனக்குப் பால் பெருகிய பிறகு நானும் கொடுத்தேன்.

ஆரம்பத்தில் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ வயிற்றுக்குக் குழாய் வைத்து, ஒரு மில்லி, இரண்டு மில்லி என்றுதான் தருவார்கள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிட்டு, மூன்றையும் சேர்த்துச் செய்ய குழந்தைக்கு ஏறத்தாழ 34 வாரம் ஆக வேண்டும். அதற்கு நடுவில் பாலாடையில் கொடுக்கப் பழக்குவார்கள். நம் பாட்டி வீட்டுப் பித்தளைப் பாலாடைதான், இங்கே எவர்சில்வர். குழந்தை நிமிர்ந்த மாதிரி இருக்க வேண்டும், உதட்டோரம் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. பாட்டில் வேண்டவே வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

எங்கள் ஊரில் "பெட்டியில வச்சிருக்காங்க" என்றுதான் சொல்வார்கள். வார்மர் என்கிற சூடான படுக்கை, அல்லது கண்ணாடிப் பெட்டி. மூக்கில் சி-பாப் என்ற கருவி, நுரையீரல் சுருங்கிப்போகாமல் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் என்ற மருந்தை நேராக நுரையீரலுக்குள் விடுவார்கள், விலை அதிகம். காலில் ஒட்டிய சிவப்பு விளக்கு, ஆக்சிஜன் அளவைக் காட்டுவது. ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை போதும், பெரியவர்கள் மாதிரி 100 வேண்டும் என்று இல்லை, அதிகமானால் கண்ணுக்குக் கேடு. நான் இது தெரியாமல் 93ஐப் பார்த்து சிஸ்டரிடம் சண்டை போட்டேன்.

மெஷின் கத்தும். கத்தினால் ஓடி வருவார்கள், சில நேரம் வராமலும் இருப்பார்கள், ஏனென்றால் எந்தச் சத்தம் எதற்கென்று அவர்களுக்குத் தெரியும். மூச்சுவிட மறந்துபோவது குறைமாதக் குழந்தைகளுக்கு சகஜம், மூளை இன்னும் பழகவில்லை. பாதத்தைச் சுண்டினால் மறுபடி மூச்சு வரும். இதற்குக் காப்பியில் இருக்கிற கஃபீனையே மருந்தாகத் தருகிறார்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. முதல் வாரம் எடை குறையும், என் மகள் 1,380இலிருந்து 1,240க்கு வந்துவிட்டாள், நான் பால் போதவில்லை என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டாள்.

கை கழுவுவதில் மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள். மோதிரம், வளையல், மந்திரித்த கயிறு எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு. தொற்றுதான் இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய எதிரி. ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: எடை, பால் அளவு, ஆக்சிஜன், இன்று டாக்டர் சொன்னது, நாளை கேட்க வேண்டியது. டாக்டர் பேசும்போது தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும் பாதி மறந்துபோகிறது. உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்ல ஒரே ஆளை நியமித்துவிடுங்கள், எங்களுக்கு என் தம்பி. "எத்தனை கிலோ? அவ்வளவுதானா?" என்ற கேள்வி ஒரு நாளில் பதினைந்து தரம் கேட்டால் எந்த அம்மாவும் உடைந்துபோவாள்.

பக்கத்துக் கட்டிலில் எல்லாரும் குழந்தையை அணைத்துப் படுத்திருக்க, நாம் மட்டும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பது கொடுமையாக இருக்கும். அழுகை வரும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் போய், குழந்தையைப் பார்க்கவே மனமில்லாமல், உயிரோடு இருக்கவே பிடிக்காமல் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். 104க்கோ, மனநல உதவி எண் 14416க்கோ கூப்பிட்டும் பேசலாம்.

கங்காரு பராமரிப்பு

ஆறாம் நாள் "பாப்பா அம்மா, நைட்டி பட்டனைத் திறங்க" என்று சொல்லி, ஜட்டியும் குல்லாவும் மட்டும் போட்ட என் மகளைக் கொண்டுவந்து என் நெஞ்சில், இரண்டு மார்புக்கும் நடுவில், தவளை மாதிரிக் கால் மடக்கி வைத்துத் துணியால் கட்டினார்கள். ஆறு நாளாக அதிர்ந்துகொண்டிருந்த மெஷினில் அவள் இதயத்துடிப்பு சீராக ஓட ஆரம்பித்ததை நானே பார்த்தேன். வார்டில் இதை கே.எம்.சி. என்பார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த முறை இது. பிறகு டெல்லி உட்படப் பல இடங்களில் நடந்த ஆய்வில், பிறந்ததுமே இதைத் தொடங்கினால் குழந்தை இறப்பு கால்வாசி குறைவதாகத் தெரிந்தது. அதையொட்டி 2022இல் உலக சுகாதார நிறுவனம், குழந்தை முழுதும் தேறும் வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே முடிந்தவரை தொடங்கச் சொல்லிவிட்டது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்க.

எனக்கு ஆறாம் நாள் கிடைத்தது. நீங்கள் முதல் நாளே கேளுங்கள். ஒருமுறை உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காமல் இருக்க வேண்டும், அதனால் சிறுநீர் கழித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்காருங்கள். கழுத்து மடங்காமல் முகம் ஒருபக்கம் திரும்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடித்ததும் உடனே பால் பீச்சுங்கள், வழக்கத்தைவிட அதிகம் வரும். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். முதலில் கைநடுங்கிய என் வீட்டுக்காரர் பத்து நாளில் சட்டைக்குள் மகளை வைத்துக்கொண்டு அவளுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையும் செய்தார். சூட்டு வலி என்று சொன்னதற்காக அவர் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், பேத்தியை நெஞ்சில் வைத்துக்கொண்ட அன்றுதான் வாய் திறந்து அழுதார்.

கண் பரிசோதனை

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். இன்னும் சின்னக் குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம், பார்வையே போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையில் காப்பாற்றலாம். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய்விட்டோம் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் இதைப் பார்க்கிறார்கள். ஒரு தடவையோடு முடியாது, அடுத்த தேதி கேட்டு வாங்குங்கள். காது கேட்கும் திறன் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

பணமும் விடுப்பும்

அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். தனியாரில் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும் என்று அங்குள்ள கவுன்டரில் முதல் நாளே கேளுங்கள். சொந்தமாகக் காப்பீடு எடுத்திருந்தால் பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்கு உண்டா, 90 நாள் கழித்தா என்று கர்ப்பத்தின்போதே பார்த்துவையுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட மொத்தம் 18,000 ரூபாய், அதற்குத்தான் பிக்மி எண். வேலைக்குப் போகிறவர்களுக்கு 26 வார விடுப்பு தெரிந்திருக்கும். குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் குன்றினால் அதற்கு மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, மருத்துவச் சான்று வேண்டும். என் அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியவில்லை, நான் அப்போது இருந்த மகப்பேறு பயன் சட்டத்தின் 10ஆம் பிரிவை எடுத்துக் காட்டித்தான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

குழந்தை தானாகச் சூட்டைத் தக்கவைத்து, முழுப் பாலையும் வாயால் குடித்து, தினமும் எடை கூடிக்கொண்டிருந்தால் அனுப்புவார்கள். நாங்கள் கிளம்பும்போது 1 கிலோ 860.

வீட்டில் பெரியவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அன்பாகச் சொல்லுங்கள், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரை மருந்து, கழுதைப்பால் எதுவும் கிடையாது. சாம்பிராணிப் புகை கிடையாது, அந்த நுரையீரலுக்கு ஆகாது, கொசுவத்தியும் அப்படியே. குளிப்பாட்டுகிற அம்மா வந்து மூக்கில் ஊதி, காதில் எண்ணெய் விட்டு, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதெல்லாம் வேண்டாம். டாக்டர் சொல்லும் எடை வரும் வரை வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். கங்காரு முறையை வீட்டிலும் தொடருங்கள். சேலைத் தொட்டிலில் கழுத்து மடங்கி மூச்சு அடைபடலாம், சமமான படுக்கையில் மல்லாந்து படுக்க வையுங்கள். இருமல் சளியோடு யார் வந்தாலும், தாய்மாமனாகவே இருந்தாலும், வாசலோடு சரி. டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி, இரும்புச்சத்துச் சொட்டு மருந்துகளை நாள் தவறாமல் கொடுங்கள்.

பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லென்று ஆவது அல்லது சுடுவது, மூச்சு வாங்கி நெஞ்சு உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, துவண்டு கிடப்பது, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுப்பது, இதில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொண்டு உடனே கிளம்புங்கள், 108இல் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் இருக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. தடுப்பூசியைப் பிறந்த தேதியை வைத்துப் போடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் தலை நிற்பது, குப்புறக் கவிழ்வது, உட்கார்வது, நடப்பது எல்லாவற்றையும் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள், இரண்டு வயது வரை அப்படித்தான். என் மகள் ஒன்பது வாரம் முன்னால் வந்தவள், அதனால் எல்லாவற்றிலும் இரண்டு மாதத்தைக் கழித்துப் பார்ப்பேன். முதல் பிறந்தநாள் அன்று "இன்னும் நடக்கலையா?" என்று கேட்டவர்களிடம் அவளுக்குப் பத்து மாதம்தான் ஆகிறது என்று சொன்னேன். பதினான்காம் மாதம், பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டுவிட்டு நாலு அடி வைத்து என்னிடம் வந்தாள்.